கண்ணாடி விஷயம்

பெட்டியின் மேல் விழுந்து அழுத ஓசூர் அத்தையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்ததும், கேசவ் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மூடியைத் துடைக்க ஆரம்பித்தான். லென்ஸ் துடைக்கிற துணி அது. அத்தையின் இரண்டு உள்ளங்கை, ஒரு கன்னம், கொஞ்சம் கண்ணீர், எல்லாம் கண்ணாடியில் அப்பியிருந்தன. வாயால் ஊதி, வட்டம் வட்டமாகத் தேய்த்து, குனிந்து சாய்வாகப் பார்த்து, திருப்தி இல்லாமல் இன்னொரு முறை தேய்த்தான். காலையிலிருந்து இதே வேலைதான். யாராவது வருவார்கள், மூடியில் கை வைத்து அழுவார்கள், நகர்வார்கள். இவன் துணியோடு போய் நிற்பான்.

"விடுடா, அது என்ன உன் கேமராவா?" என்றாள் தமயந்தி சித்தி, அம்மாவின் தங்கை. "மனுஷங்க தொடத்தான் செய்வாங்க."

"லாவண்யா பாக்கணும் இல்ல சித்தி."

லாவண்யா பெயரை எடுத்தால் இந்த வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. கேசவின் அக்கா. மெல்போர்னில் எட்டு மாத வயிற்றோடு இருக்கிறாள். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். போதாக்குறைக்கு, மாசமாக இருக்கிறவள் சாவு பார்க்கக் கூடாது என்று மாமியார் வேறு கூடவே இருந்து காவல் காக்கிறார்.

பொம்மனஹள்ளியில் அந்த மூன்று மாடிக் கட்டிடத்தின் கீழே, வழக்கமாக ஸ்கூட்டர்கள் நிற்கிற இடத்தில், ஐஸ் பெட்டி இருந்தது. உள்ளே கேசவின் அப்பா இராஜமாணிக்கம். அடுகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேற்று இரவு சாப்பிட்டுக் கை கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து இறங்கவே இல்லை. கேசவ் ஒரு ஷூட்டிங்கிலிருந்து கேமரா பையோடு நேராக அங்கே ஓடியிருந்தான். நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரை அவன் கையில் கொடுத்தாள். எதையும் யோசிக்காமல் பையின் ஓரத்தில் சொருகினான். அதன் பிறகு கையெழுத்து, ஆம்புலன்ஸ், பெட்டிக்காரன், ஷாமியானா, சொந்தக்காரர்களுக்கு போன் என்று ஓடிக்கொண்டே இருந்தான். ஓடாமல் நின்றால் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு அவனுக்குத் தைரியம் இல்லை. விடிந்ததிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் மூடியை மட்டும்தான்.

கண்ணாடி துடைப்பது அவனுக்குப் புதிதல்ல. ஆன்லைனில் விற்கிற சாமான்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். எவர்சில்வர் டப்பா, நகை, செண்டு பாட்டில். ஒரு சின்னக் கைரேகை இருந்தாலும் படம் திரும்பி வந்துவிடும். அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. அப்பாவிடம்தான் அது பலிக்கவில்லை. அவருக்கு மூக்குக்கண்ணாடி சதா வழுக்கும். நடுவில் கம்பி இருக்கிறதே, அதைத் தள்ளலாம். மாட்டார். வலது கண்ணாடியின் மேலேயே கட்டைவிரலை வைத்து ஏற்றிவிடுவார். நாள் முழுக்க அங்கே ஒரு ரேகை இருக்கும். கேசவ் தினமும் அதைப் பிடுங்கித் துடைப்பான். "எனக்குத் தெரியுதுடா, உனக்கு என்ன கஷ்டம்?" என்பார்.

போன் அடித்தது. பெட்டியின் தலைமாட்டில் சின்ன ஸ்டாண்டு வைத்து அதில் போனைச் சொருகியிருந்தான். திரையில் லாவண்யா. வீட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்து பேசினாள். மாமியாருக்குத் தெரியாமல் வந்திருக்கிறாள். சீட் பெல்ட் போடாததால் காரில் ஏதோ மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"காட்டுடா."

கேசவ் போனைக் கழற்றி மூடியின் மேல் பிடித்தான். தெருவின் வெளிச்சம், ஷாமியானாவின் சிவப்பு, எதிர்வீட்டு மாடியில் காயும் துணி, எல்லாம் மூடியில் தெரிந்தன. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏதாவது ஒன்று உள்ளே வந்து நின்றது. லாவண்யாவின் படம் உறைந்தது. குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது.

"அப்பா மூஞ்சி... கேசவ்... என்னடா இது... கண்ணாடி..."

அறுந்துவிட்டது. மறுபடி போட்டான், போகவில்லை. கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி ஒன்று வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தணிந்த குரலில் பேசியிருந்தாள்.

"கேசவ், அத்த கூப்பிடறாங்க, நான் உள்ள போறேன். அப்பறம் எப்படியாவது வரேன். அந்தக் கண்ணாடி விஷயத்த மட்டும் பாத்துக்கடா. அப்பா மூஞ்சி அப்பா மூஞ்சியாவே இல்ல. அப்படியே அனுப்பிடாதீங்க. ப்ளீஸ்டா."

இரண்டு தடவை கேட்டான். பிறகு பெட்டிக்காரன் பிரகாஷைப் பார்த்தான்.

"மூடியத் திறந்து வைக்க முடியுமா?"

"சும்மா சும்மா ஓபன் பண்ணாதீங்க அண்ணா. கூலிங் ஹோகிபிடும், போயிடும். மூணு மணிக்கு வண்டி வரும்போது எப்படியும் திறக்கணும் இல்லவா?"

இன்னொருவனாக இருந்தால் ஒரு நிமிஷம் திறடா என்று அதட்டியிருப்பான். கேசவ் உடனே தலையாட்டிவிட்டான். திறந்தால் கிட்டே போக வேண்டும். கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடி இல்லாத மாதிரி எடுக்க அவனுக்கு வழி தெரியும். போலரைசர் என்று ஒரு ஃபில்டர் இருக்கிறது. லென்ஸின் முன்னால் திருகி வளையத்தைச் சுற்றினால் கண்ணாடி மேல் விழுகிற பளபளப்பு மறைந்து உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். அவனிடம் இருந்தது போன மாதம் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்கி, நல்லதாக ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் போதும்.

போனை ஸ்டாண்டிலேயே சார்ஜில் விட்டான். கேமரா பையைத் தோளில் மாட்டினான். வாசலில் ரகு சித்தப்பா வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"ஃபில்டர் ஒண்ணு வாங்கணும் சித்தப்பா. இதோ வந்துடறேன்."

சித்தப்பா கையில் தூக்கிய நாற்காலியோடு அப்படியே நின்றார். சாவு வீட்டில் அடுப்பே பற்ற வைக்கக் கூடாது, இவன் காப்பி ஃபில்டர் வாங்கப் போகிறானே என்று அவருக்கு. கேட்பதற்குள் ஸ்கூட்டர் திரும்பிவிட்டது.

ஓசூர் ரோடு எந்த ஊர்ச் சாவுக்கும் வழிவிடாது. சில்க் போர்டு சிக்னலில் வண்டிகள் நகரவே இல்லை. மேலே மேம்பாலம், கீழே புகை, பக்கத்து ஆட்டோவில் ஒரு குழந்தை இவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கேசவ் காலை ஊன்றி ஊன்றி வண்டிகளுக்கு நடுவே நுழைந்தான். தார் சுட்டது. ஏன் சுடுகிறது என்று யோசிக்கவில்லை. எந்தக் கோணத்தில் நின்றால் பளபளப்பு நன்றாக மறையும், ஷாமியானாவின் சிவப்பு முகத்தில் அடிக்காமல் இருக்க எதை மறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனான். அது மாதிரி யோசிக்கும்போது நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

அடுகோடியில் ஒரு சந்துக்குள் ஸ்ரீஹர்ஷாவின் கேமரா கடை. கேசவுக்கு வருடக்கணக்கில் பழக்கம்.

"பன்னி பன்னி, வாங்க கேசவ் சார். என்ன வேணும்?"

"போலரைசர். எழுபத்தேழு எம்எம் சைஸ்."

"என்ன ஷூட் சார்?"

"கண்ணாடிப் பெட்டி."

"ஷோகேஸா? நகைக் கடையா?"

"அந்த மாதிரி."

ஸ்ரீஹர்ஷா மூன்று டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தான். கேசவ் முதல் ஃபில்டரை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்தான். டியூப் லைட் முழுசாக, வெள்ளை வெளேரென்று அதில் தெரிந்தது. மேலே பூச்சு இருந்தால் இப்படித் தெரியாது, மங்கிப்போய்ப் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும்.

"இது ஜன்னலுக்குப் போடறது," என்று தள்ளிவைத்தான்.

"சார் கிட்ட ஏமாத்த முடியுமா?" என்று ஸ்ரீஹர்ஷா சிரித்தான்.

இரண்டாவதில் டியூப் லைட் பச்சையாக மங்கித் தெரிந்தது. நல்ல பூச்சு. வளையமும் சிக்காமல் சுற்றியது. பில் புத்தகத்தின் வெள்ளைத்தாள் மேல் வைத்துப் பார்த்தான். அந்த வட்டத்துக்குள் மட்டும் தாள் டீ கொட்டினது போல மஞ்சளாக இருந்தது.

"மஞ்சள் அடிக்குது."

"லைட்டாதான் சார். கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம். ப்ராடக்ட்தானே?"

"மூஞ்சி," என்றான் கேசவ். "மூஞ்சி கலர் மாறக் கூடாது."

"ஓ, ஆள் இருக்காங்களா? பெட்டிக்குள்ளயா?"

"ஆமா."

"சூப்பர் ஐடியா சார்! ஆனா ஒண்ணு. மூடி போட்டா ஆள் மூச்சு விட விட உள் பக்கம் பனி பிடிக்கும். மொதல்லயே அதுக்கு ஏதாவது பண்ணிக்குங்க."

"பிடிக்காது."

"இல்ல சார், கண்டிப்பா பிடிக்கும்."

"பிடிக்காது ஸ்ரீஹர்ஷா."

அவன் குரல் எழும்பிவிட்டது. ஸ்ரீஹர்ஷா மூன்றாவது டப்பாவைத் திறந்து கொடுத்தான். பித்தளை வளையம். தாளின் மேல் வைத்தால் லேசான நிழல் தவிர நிறமே இல்லை. கேசவ் அதைக் கண்ணருகே பிடித்து மேஜைக் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தபடி வளையத்தைச் சுற்றினான். மேஜை மேல் மின்னிக்கொண்டிருந்த டியூப் லைட் மெல்ல மறைந்து, அடியில் அடுக்கியிருந்த பேட்டரிகளும் லென்ஸ் மூடிகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இதுதான். இதைத்தான் தேடி வந்தான்.

பொருந்துகிறதா என்று பார்க்க லென்ஸை எடுத்தான். எடுக்கும்போது பையின் ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் கவரும் கூட வந்து மேஜை மேல் விழுந்தது. உள்ளே ஒரு வாட்ச், ஒரு மூக்குக்கண்ணாடி. கவரின் மேல் ஆஸ்பத்திரியின் வெள்ளை ஸ்டிக்கர். ஸ்ரீஹர்ஷா நீட்டுவதற்காக அதை எடுத்தவன், ஸ்டிக்கரைப் பார்த்தபடி நின்றான்.

"சார், இது..."

"அது வேற. அப்பாவோடது," என்று கேசவ் வாங்கி, பார்க்காமலே மறுபடி பைக்குள் சொருகினான். ஃபில்டரை லென்ஸில் திருகிப் பார்த்துவிட்டுக் கழற்றி டப்பாவில் போட்டான்.

ஸ்ரீஹர்ஷாவின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. கேசவும் குனிந்து பார்த்தான். செருப்பில்லை. காலில் தாரும் தூசியுமாக இருந்தது.

கடையில் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ரீஹர்ஷா மற்ற இரண்டு டப்பாக்களையும் சத்தமில்லாமல் மூடி உள்ளே வைத்தான்.

"நான் வண்டில கொண்டு விடட்டா சார்?"

"வேணாம், வேணாம். போயிடுவேன்."

திரும்பி வருகிற வழியில் மடிவாளாவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். பக்கத்தில் இருந்தவன் கன்னடத்தில் திட்டினான். மூணு மணிக்கு வண்டி வந்துவிடும், குளிப்பாட்டத் தூக்கிவிடுவார்கள், லாவண்யா பார்க்காமலேயே அப்பா போய்விடுவார். வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவேளை இப்போதே தூக்கியிருப்பார்களோ என்று நினைத்ததும், தெருவில் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

பொம்மனஹள்ளித் தெருவில் திரும்பும்போதே கூட்டம் அவனைப் பார்த்தது. வண்டி இன்னும் வரவில்லை. அதுவும் ஓசூர் ரோட்டில்தான் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் இவனைப் பார்த்த பார்வையில் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு காந்தா ஒரு கையில் எவர்சில்வர் காப்பி ஃபில்டரும் இன்னொரு கையில் பெரிய பிளாஸ்க்குமாக முன்னால் வந்தாள்.

"பில்டரு வேணும்னா எங்க வீட்ல கேக்கபாரதா, கேக்கக் கூடாதா கேசவ்? இதுக்குப் போயி இவ்வளவு தூரம் போகணுமா? நானே எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொண்டாந்துட்டேன், பா."

கேசவ் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். ரகு சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் தமயந்தி சித்தி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச? போனையும் இங்கயே வச்சுட்டுப் போயிட்ட. வீடு பூரா தேடிட்டோம். அப்பா கண்ணாடி எங்கடா?"

"எந்தக் கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடியா? அவர் போடற கண்ணாடி! லாவண்யா மறுபடி போன் பண்ணா. அழுது தீர்த்துட்டா. காலையிலேயே உன்கிட்ட சொன்னாளாமே. கண்ணாடி இல்லாம அப்பா மூஞ்சி வேற யார் மாதிரியோ இருக்கு, போட்டு அனுப்புங்கன்னு. உனக்குக் காது கேக்கலையா?"

கேசவ் தோளிலிருந்து பையை இறக்கினான். உள்ளே விட்ட கை முதலில் புது டப்பாவைத்தான் தொட்டது. அதை வெளியே எடுத்தான்.

"இது என்னடா?" என்றார் சித்தப்பா.

"கண்ணாடி, சித்தப்பா."

சித்தப்பா அவன் முகத்தைப் பார்த்தார். டப்பாவைத் தானே வாங்கிவைத்துக்கொண்டார். கேசவ் மறுபடி கையை விட்டு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கிழித்தான். பாதி நகரம் இதைத் தோளில் சுமந்துகொண்டு போய்வந்திருக்கிறான்.

மூக்குக்கண்ணாடியை எடுத்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் மஞ்சள் துணியை உருவியது. வெளிச்சத்தில் சாய்த்தான். வலது கண்ணாடியில், நடுவிலிருந்து கொஞ்சம் கீழே, கட்டைவிரல் ரேகை. ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. நேற்று ராத்திரி கை கழுவப் போகும் முன்னால் ஏற்றிவிட்டதாக இருக்கும். நேற்று இவன் வீட்டில் இல்லை, துடைக்க.

துணி விரலில் சுற்றியபடியே இருந்தது. கேசவ் அதைப் பிரித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தான்.

அம்மா காலையிலிருந்து பெட்டியின் கால்மாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் பேசவில்லை. இப்போது வாயைத் திறந்தாள்.

"சட்டுனு போட்டு விடுடா. அது இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாது."

பிரகாஷ் உடனே மூடியைத் தூக்கினான். குளிர் முகத்தில் அடித்தது. கேசவ் குனிந்தான். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, மூக்கில் பஞ்சு. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளங்கள். அக்கா சொன்னது சரிதான். வேறு யாரோ மாதிரிதான் இருந்தது.

அந்தக் கண்ணாடியின் இடது கை ரொம்ப நாளாகவே லூஸ். முதலில் வலது காதில் மாட்டி, பிறகு இடது பக்கம் அழுத்த வேண்டும். அப்பா அப்படித்தான் மாட்டுவார். கேசவ் அதே மாதிரி மாட்டினான். காது மடல் விரலில் பட்டது. அவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது, இழுக்கவில்லை. கண்ணாடி பழைய பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அப்பா வந்துவிட்டார். சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் தூங்கிப்போகிற அப்பா.

கேசவுக்கு அழுகை அப்போதுதான் வந்தது. சித்தி அவன் முதுகில் கை வைத்துக்கொண்டாள்.

போனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். லாவண்யா மறுபடி காருக்குள் இருந்தாள். அந்த மணி அடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை படம் உறையவில்லை.

"ம்," என்றாள். பிறகு, "இப்பதான்டா அப்பா," என்றாள்.

கேசவ் போனை அசையாமல் பிடித்திருந்தான்.

"டேய், வலது பக்கம் ஏதோ மங்கலா இருக்கே. தொடச்சு விடேன். நீதான் எப்பவும் தொடைப்பியே."

"நல்லாப் பாரு," என்று போனை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

லாவண்யா திரைக்கு அருகே வந்தாள். அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ அந்தப் பக்கம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"இருக்கட்டும்டா," என்றாள்.

பிரகாஷ் மூடியைப் போட்டான். தெரு முனையில் வண்டியின் ஹாரன் கேட்டது. காந்தா கொடுத்த காப்பி டம்ளரை அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓசூர் அத்தை எழுந்து வந்து மறுபடி பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். அவளைத் தூக்கி உட்கார வைத்தபோது இரண்டு உள்ளங்கையும் ஒரு கன்னமும் கண்ணாடியில் அப்பியிருந்தன. பழக்கத்தில் எல்லாரும் கேசவைப் பார்த்தார்கள்.

அவன் பக்கத்தில் போய், அத்தையின் கைத்தடத்துக்கு அருகே தன் கையை விரித்து வைத்தான். வண்டிக்காரர்கள் வந்து நகரச் சொல்லும்வரை எடுக்கவில்லை.